முயற்சி பண்றோம், டாக்டர்

ஹால் சோபாவில் கிடந்த தலையணையை மாமியார் இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறையிலிருந்த இளைய மருமகள் அதைப் பார்த்தாள். பார்த்த அந்த நொடியில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது.

“இன்னிக்கும் இங்கதான் படுத்தானா?”

யாரைக் கேட்கிறாள் என்று சொல்லாமலே கேட்டாள். இளையவள் கந்தைத் துணியை எடுத்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘சின்னவ’.

“அவருக்கு முதுகு வலி அத்தை… சோபா கொஞ்சம் கெட்டியா இருக்கும்னு…”

“எந்த ஊர்ல முதுகு வலிக்காரன் கட்டிலை விட்டுட்டு சோபால வந்து படுப்பான்? எனக்குக் காது குத்தாத. ஏற்கெனவே குத்தியாச்சு!”

பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்த பெரிய மருமகள் குறுக்கே புகுந்தாள். அந்த வீட்டில் இடி இடிக்கும்போதெல்லாம் குடை விரிப்பவள் அவள்தான்.

“ஏன் அத்தை, தம்பிக்கு ஹால் பிடிச்சிருந்தா படுத்துக்கட்டுமே! உங்க பெரிய பிள்ளையையும் சேர்த்து அங்கயே அனுப்பி வைக்கிறேன். அவர் விடற குறட்டைக்கு நான் என்னிக்காவது ஒரு நாள் நிம்மதியாத் தூங்க வேண்டாமா?”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூத்தவர், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மாமியார் சிரிக்கவில்லை.

“இன்னிக்குத்தானே டாக்டர் வரச் சொன்ன நாள்? நானும் வர்றேன். இந்த வீட்ல எனக்குத் தெரியாம என்ன நடக்குதுன்னு அங்கயாவது தெரியட்டும்.”

சொல்லிவிட்டு, தலையணையை அது இருக்க வேண்டிய இடத்தில் வைப்பதற்காக இளைய மகனின் அறைக்குள் போனாள். சின்னவளுக்கு அடிவயிற்றில் எதுவோ சுருண்டது. நோயா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை…

அந்த வலி அவளுக்குப் புதிதல்ல. பெரியவளான நாளிலிருந்தே கூட வருவது. “எல்லாப் பொண்ணுக்கும் இருக்கிறதுதானே” என்று முதலில் பிறந்த வீட்டில் சொன்னார்கள். பிறகு புகுந்த வீட்டில் சொன்னார்கள். கடைசியில் அவளே தனக்குச் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாள். ஒரு திரைச்சீலைக் கடையில் அவளுக்குத் தையல் வேலை. ஜன்னல் அளவுக்குத் துணியை வெட்டி, மடிப்பு வைத்து, வளையம் கோக்கும் பட்டியைத் தைக்க வேண்டும். மாதத்தில் சில நாட்கள் தையல் மிஷின்மேலேயே கவிழ்ந்துவிடுவாள்.

ஒரு நாள், மடியில் கிடந்த ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைத் துணி கறைபட்டுவிட்டது. கடைக்கார அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முன்கதவைச் சாத்தினாள், துணியைத் தண்ணீரில் போட்டாள், தன் மாற்றுடையை எடுத்து நீட்டினாள். அன்று சின்னவள் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று நின்றாள். மறுநாள் அவள் கையைப் பிடித்து இந்த டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனதும் அதே அக்காதான்.

எண்டோமெட்ரியோசிஸ் என்றார் டாக்டர். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியே, சினைப்பையிலும் குடலை ஒட்டியும் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே ரத்தம் கசிந்து கட்டியாகியிருக்கிறது என்றார். மாமியாருக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. “அந்தக் கட்டி” என்பாள்.

ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் மாமியார்தான்! கழிவறை வரை தோள் கொடுத்தாள். கஞ்சியை ஊதி ஊதிப் புகட்டினாள். முடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். “என் வயித்துல பொறந்திருந்தாலும் இதுக்கு மேல பாத்திருக்க மாட்டேன்டி” என்று அவள் சொன்னபோது சின்னவள் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் கணவன், மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

“கட்டியை எடுத்தாச்சு. ஆனா இது வேரோட போயிடுற நோய் இல்ல. திரும்ப வளரப் பாக்கும். அதை அடக்கி வைக்க ஹார்மோன் மாத்திரை இருக்கு. ஆனா மாத்திரை சாப்பிடுற வரைக்கும் பிள்ளை தங்காது. உடனே பிள்ளை வேணும்னா மாத்திரையைத் தள்ளிப் போடலாம். வலி வந்தா சொல்லணும். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம்னா மாத்திரையைத் தள்ளிப் போடக் கூடாது. எது வேணும்னாலும் முடிவு பண்ணுங்க. ரெண்டுக்கும் நடுவுல சும்மா உக்காந்திருக்கிறதுதான் தப்பு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பிள்ளைதான் முதல்ல டாக்டர்” என்றாள் சின்னவள். அவனும் தலையாட்டினான். வெளியே காத்திருந்த மாமியார் அதைக் கேட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

உடம்பு தேறிய பிறகு ஓர் இரவு… அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வலி அவளை மீறி வெளியே வந்துவிட்டது. அவன் பதறி விளக்கைப் போட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். எதையோ கீழே போட்டு உடைத்துவிட்டவனைப் போலக் கைகளை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான்.

“ஒண்ணுமில்லைங்க… வாங்க…”

தான் அப்படிக் கூப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். அவன் வரவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு இருவரும் ஒரே வாடகை வீட்டில் இருக்கும் இரண்டு அந்நியர்களைப் போல மரியாதையாகப் பழகினார்கள். “காபி வேணுமா?” “வேணாம், குடிச்சுட்டேன்.” “பஸ் கிடைச்சுதா?” “கிடைச்சுது.” அவ்வளவுதான்.

தன் உடம்பே அவனை விரட்டிவிட்டது என்று அவள் நினைத்தாள். பூட்டிய வீட்டுக்கு விருந்தாளியை அழைத்தவள் போல வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. யாரிடம் சொல்வது? எந்த வாயால் சொல்வது? போன தடவை டாக்டர், “முயற்சி பண்றீங்களா?” என்று கேட்டபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, “முயற்சி பண்றோம், டாக்டர்” என்றாள். டாக்டர் அதை நம்பி, இன்னும் சில மாதம் மாத்திரை வேண்டாம் என்று எழுதினார்.

மாத்திரையும் இல்லை, முயற்சியும் இல்லை. எது தப்பு என்று டாக்டர் சொன்னாரோ, அந்த நடுவில் அவர்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். போன மாதத்திலிருந்து வலி திரும்ப வந்துவிட்டது. அவள் அதை அவனிடம்கூடச் சொல்லாமல், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தலையணைக்கு அடியில்!

சின்னவள் கந்தைத் துணியைப் போட்டுவிட்டு அறைப் பக்கம் ஓடினாள். தாமதமாகிவிட்டது. மாமியார் எதிரே வந்துகொண்டிருந்தாள். கையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

“இதுதானா சங்கதி?”

அந்தக் குரலில் கோபத்தைவிட வேறெதுவோ இருந்தது. அடிபட்ட குரல்.

“அத்தை… அது வந்து…”

“பிள்ளை தங்காதுன்னு அந்த டாக்டர் சொன்ன மாத்திரைதானே இது? நான் தினமும் கடவுளே கடவுளேன்னு உக்காந்திருக்கேன். நீ என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு, தலைக்கு அடியில வச்சு இதை முழுங்கிட்டு இருக்கியா? புருஷனை ஹாலுக்குத் துரத்தி விட்டுட்டு, மாத்திரையும் முழுங்குறியா?”

குளியலறைக் கதவு திறந்தது. லிஃப்ட் கம்பெனியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தான். லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் தரைக்கும் நடுவே சிக்கிக்கொண்டவர்களைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெளியே எடுப்பதில் கெட்டிக்காரன் என்று கம்பெனியில் பெயர். வீட்டில் அவனுக்குப் பேச்சு வராது.

மாமியார் அவன் பக்கம் திரும்பினாள்.

“உனக்குத் தெரியுமா இது? தெரிஞ்சுதான் ஹால்ல வந்து படுக்கிறியா? இல்ல… உன்கிட்டதான் ஏதாவது கோளாறாடா? நீதான் அவ பக்கமே போறதில்லையா? வாயைத் திறந்து சொல்லேன்டா! ஊரெல்லாம் என்னைக் கேக்குது, நான் யாரைக் கேக்குறது?”

மூத்தவரின் பேப்பர் அசையாமல் நின்றது. பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகளைப் பெரியவள் அவசரமாக வாசலுக்குத் தள்ளினாள். சின்னவள் தன் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு ஒரேயடியாக வடிந்துபோனது. அண்ணன் எதிரே, அண்ணி எதிரே, நடு ஹாலில் ஓர் ஆண்பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேட்கிற கேள்வியா இது? அவளுக்குத் தாங்கவில்லை.

“அவரைக் கேக்காதீங்க அத்தை! நான்தான்… நான்தான் மாத்திரையை ஆரம்பிச்சுட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஏன்டி? ஏன்?”

“எனக்கு… இப்போ பிள்ளை வேண்டாம்.”

அந்த வார்த்தையைச் சொன்ன வாய் வெந்துபோகாதா என்றிருந்தது அவளுக்கு. பிள்ளை வேண்டுமென்று அவள் கும்பிடாத நாளில்லை!

மாமியார் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். “ஆஸ்பத்திரியில உனக்குப் பக்கத்துல தரையில படுத்தேனே… என் மகளாட்டம் பாத்தேனே… ஒரு வார்த்தை, எனக்கு வேண்டாம் அத்தைன்னு என்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன கழுத்தையா நெரிச்சிருப்பேன்? இப்படி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பியா?” முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சின்னவளின் கண்கள் கணவனைத் தேடின. தாங்கள் இருவரும் ஒரு கட்டிலில் படுத்தே மாதக்கணக்காகிறது என்பது அவனுக்குத் தெரியும். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான் என்பதும் தெரியும். அவன் ஒரு சொல் சொன்னால் போதும்…

அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டினான். தலை குனிந்தபடி செருப்பைத் தேடினான். போய்விட்டான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

டாக்டரிடம் கிளம்பும்போது படிக்கட்டில் பெரியவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சின்னவளே… என்னைப் பாரு. நீ பொய் சொல்றப்போ உன் காது சிவந்துபோகும். இப்போ பழுத்த மிளகாயாட்டம் இருக்கு. யாருக்காகடி இந்தப் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டே?”

“அக்கா… விட்டுடுங்க. சொல்ல வெட்கமா இருக்கு.”

பெரியவள் விட்டுவிட்டாள். ஆனால் அவள் கண்ணிலும் தண்ணீர்.

பஸ்ஸில் மாமியார் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்குப் போனபோது இதே வழியில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு போனது சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அடிவயிறு குத்தியது. கையை அங்கே கொண்டுபோகவும் பயம். மாமியார் பார்த்துவிட்டால்?

டாக்டரின் அறையில் இருவரும் நுழைந்ததும் டாக்டர் முதலில் கேட்டது, “அத்தை உள்ள இருக்கலாமா, இல்ல நாம தனியாப் பேசலாமா?”

“இருக்கட்டும் டாக்டர்” என்றாள் சின்னவள். வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பிக்கப்படும்.

“முயற்சி பண்றீங்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தாள். “எங்க டாக்டரம்மா பண்றது? இவ உங்களுக்கும் தெரியாம, எங்களுக்கும் தெரியாம அந்த மாத்திரையை ஆரம்பிச்சுட்டா. நீங்களே கேளுங்க.”

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ஹார்மோன் மாத்திரை இல்லையே அம்மா. சாதாரண வலி மாத்திரை.”

“என்னது?”

“பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வலி தாங்க முடியாம சாப்பிட்டிருக்காங்க.” டாக்டர் சின்னவளின் பக்கம் திரும்பினார். “வலி எப்போ திரும்ப வந்துச்சு? ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?”

மாமியார் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ… காலையில ஆமான்னு சொன்னியே? நான்தான் ஆரம்பிச்சேன்னு சொன்னியேடி? எதுக்கு?”

டாக்டர் பரிசோதித்தார். ஸ்கேன் பார்த்தார். பெரிதாக இல்லை, ஆனால் ஒரு பக்கத்தில் மறுபடி சின்னதாக ஆரம்பிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். “ஹார்மோன் மாத்திரையைப் பத்தி இன்னிக்கு முடிவு பண்ணியாகணும். அதுக்கு முன்னாடி கர்ப்பம் இல்லைன்னு உறுதிப்படுத்திக்கணும். ஒரு சின்ன சோதனைதான்.” நர்ஸ் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டினாள்.

கர்ப்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமியாரின் முகம் மாறியது. காலையிலிருந்து இருண்டிருந்த முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். நாற்காலியின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்தாள்.

“ஒருவேளை… இருந்தாலும் இருக்கலாம் இல்ல டாக்டரம்மா? கடவுள் நினைச்சா…” இரு கைகளும் தாமாகக் குவிந்தன. உதடு முணுமுணுத்தது.

கையில் கிண்ணத்தோடு சின்னவள் அங்கேயே நின்றாள். ஒரு பொய் சொன்னாள். அதைக் காக்க இன்னொன்று சொன்னாள். இப்போது அந்தப் பொய்களின் முன்னால் ஒரு வயதானவள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறாள். இருக்காது அத்தை, இருக்க வழியே இல்லை என்று எப்படிச் சொல்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“சோதனை வேண்டாம் டாக்டர்” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “இருக்காது… ஏன்னா நாங்க… நாங்க…”

கிண்ணத்தை மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. நீலச் சட்டை. முகமெல்லாம் வியர்வை. தோளில் கருவிப் பை. அவன் வாசலிலேயே நின்றான்.

“வேலைக்குப் போகலையா நீ?” என்றாள் மாமியார்.

“போனேன்மா. பாதி வழியில பைக் நின்னுடுச்சு… திரும்ப ஓட வச்சேன்.” சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினான். “இல்ல, பொய். பைக் நிக்கல. நான்தான் நிறுத்தினேன். காலையில நான் செஞ்ச காரியம் போதும். இன்னொரு பொய் வேண்டாம்.”

அவன் உள்ளே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“டாக்டர்… போன தடவை முயற்சி பண்றோம்னு இவ சொன்னது பொய். எனக்காகச் சொன்னா. நாங்க முயற்சியே பண்ணல. ஒரே ஒரு நாள்… இவ வலியில துடிச்சா. நான் மிருகமாயிட்டேனோன்னு பயந்துட்டேன். அப்புறம் எனக்கு இவ பக்கத்துல போகவே கை நடுங்குது. அதை வாய்விட்டுச் சொல்லவும் ஆம்பளைக்கு வெட்கம். அதான் முதுகு வலின்னு ஹால்ல படுத்தேன்.” குரல் உடைந்தது. “காலையில அம்மா என்னைக் கேட்டாங்க. நான் பதில் சொல்லியிருக்கணும். இவ முந்திக்கிட்டு, எனக்குப் பிள்ளை வேண்டாம்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிட்டேன்… ஊர்ல யார் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாலும் ஓடிப்போய் எடுக்கிறவன் நான். என் பொண்டாட்டியை அங்கயே விட்டுட்டு ஓடினேன்.”

சின்னவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஐயோ, அத்தையின் எதிரிலா இதையெல்லாம் சொல்வது! வெட்கத்தில் அவள் உடம்பே சின்னதாகிப் போனது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாறை ஒன்று மெல்ல நகர்ந்தது. அவன் ஓடியது அருவருப்பால் அல்ல… பயத்தால்! தன் உடம்பைக் கண்டு வெறுத்தவன் அல்ல. அது நோகிறதே என்று நடுங்கியவன்!

டாக்டர் மட்டும், தினமும் கேட்கிற விஷயத்தைக் கேட்பது போல நிதானமாக இருந்தார்.

“இப்படி வலிக்கிறதும் இந்த நோயோட ஒரு பகுதிதான். உங்க தப்பும் இல்ல, அவங்க தப்பும் இல்ல. இதுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா என்கிட்டயே மறைச்சா நான் எப்படிப் பண்றது? நீங்க முயற்சி பண்றீங்கன்னு நம்பித்தானே நான் மாத்திரையைத் தள்ளிப் போட்டேன்?”

இருவரும் தலை குனிந்தார்கள்.

“சரி, போனது போகட்டும். அவங்க சினைப்பை நல்லாத்தான் இருக்கு, வயசும் இருக்கு. கொஞ்ச நாள் தள்ளிப் போனா குடி முழுகிடாது. மாத்திரையை எப்போ வேணும்னாலும் நிறுத்தலாம். நிறுத்தினதும் உடம்பு பழையபடி திரும்பும். பிள்ளை பிறந்தே தீரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திரை சாப்பிடுறதால அந்த வாய்ப்பு போயிடாதுன்னு சொல்லுவேன்.” டாக்டர் சின்னவளைப் பார்த்தார். “நான் சொல்றது இருக்கட்டும். உடம்பு உங்களோடது. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அந்தக் கேள்வியை யாரும் அவளை மட்டும் பார்த்து அதுவரை கேட்டதில்லை. எது சரி, எது நல்லது, எப்போது, எத்தனை… எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

“எனக்குப் பிள்ளை வேணும் டாக்டர். காலையில வேண்டாம்னு சொன்னது பொய். ஆனா அதுக்கு முன்னாடி… வலிக்காத மாசம்னு ஒண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அது வேணும். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்.”

அவள் கணவன் தலையாட்டினான். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து ஆட்டினான்.

வெளியே தாழ்வாரத்தில் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே எப்போதோ எழுந்து வந்துவிட்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கட்டினவ பொய் சொல்லி உன் மானத்தைக் காப்பாத்தினா. பெத்தவ நான்… நடு ஹால்ல நிறுத்தி வச்சு அதை வாங்கினேன்.” முந்தானையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “வலி மாத்திரையைத் தூக்கிக் காட்டி என்னவெல்லாம் பேசினேன்…”

“அத்தை, விடுங்க…”

“நீ சும்மா இரு!”

சின்னவள் சும்மா இருக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் அத்தை. ஆஸ்பத்திரியில நீங்க என்னைப் பாத்துக்கிட்டதை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். ஆனா எங்க ரூமுக்குள்ள என்ன நடக்குது, நடக்கலைன்னு இனிமே வெளியில நின்னு பாக்காதீங்க. மாத்திரையை எப்போ நிறுத்தணுங்கிறதை நானும் அவரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கிறோம். அந்த நாள் வந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன். அதுவரைக்கும்… கேக்காதீங்க.”

மாமியார் எழுந்து, இருவருக்கும் முன்னால் விடுவிடுவென்று நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். வீட்டுக்கு வந்ததும் மாமியார் தன் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “பசியில்ல” என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

“அதிகமாப் பேசிட்டேனா அக்கா?” என்று சின்னவள் சமையலறையில் கலங்கினாள்.

“நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து பேச நினைச்சதை நீ ஒரே மூச்சுல பேசிட்டு வந்திருக்க” என்றாள் பெரியவள். “கவலைப்படாத. அத்தைக்குக் கோபம் வந்தா நம்மளைத் திட்டுவாங்க. இது கோபம் இல்ல, வெட்கம். அது வந்தாதான் கதவைச் சாத்திப்பாங்க.”

அன்று மாலை அவன் சீக்கிரமே வந்தான். அறை வாசலில் வந்து நின்றான்.

“உள்ள வரலாமா?”

“இது என்ன லிஃப்டா? பட்டனை அமுக்கிட்டு வாசல்ல நிக்கிறீங்க?” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு, “வலிக்கிறப்போ என்கிட்டச் சொல்லிடு. நீ சொல்லாம இருந்தாதான் எனக்குப் பயமா இருக்கு” என்றான். “இப்போ வலிக்குதா?”

“வலிக்குது.”

அவன் ஓடவில்லை. வெந்நீர்ப் பை எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

மறுநாள் காலை சின்னவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஹாலில் போன் அடித்தது. மாமியார்தான் எடுத்தாள். பேச்சிலிருந்தே புரிந்தது, மாமியாரின் தங்கை. நாலு வீட்டுச் செய்தியை நாற்பது வீட்டுக்குக் கொண்டுபோகிறவள். சின்னவள் அறைக் கதவின் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்து என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான். அதற்கு மாமியார் விடுகிற பெருமூச்சுதான் அவளை அன்றைய பொழுது முழுவதும் அறுக்கும்.

“ஆமா, நேத்து டாக்டர்கிட்டப் போயிருந்தோம்… நானும்தான் போனேன்… என்ன? விசேஷமா?”

பெருமூச்சு வரவில்லை.

“விசேஷம்தான். என் மருமகளுக்கு வைத்தியம் ஆரம்பிச்சிருக்கு. அவ உடம்பு நல்லாகணும். எங்க வீட்ல இப்போ அதுதான் விசேஷம்… பிள்ளையா? அதை அவங்க ரெண்டு பேரும் பாத்துப்பாங்க. நீயும் கேக்காத, உன்னைக் கேக்குறவங்களுக்கும் இதையே சொல்லு… ஏய், யாரை என்ன சொல்ற? மலடி கிலடின்னு இன்னொரு தடவை உன் வாயிலிருந்து வந்துச்சுன்னா, அக்கா தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டேன், ஆமா! வை போனை!”

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள், கதவருகே கண்ணீரோடு நின்ற மருமகளைப் பார்த்துவிட்டாள். திருட்டுத்தனமாக நல்ல காரியம் செய்து பிடிபட்டவளைப் போல முகம் சிவந்தது.

“என்னடி… என்ன பாத்துட்டு நிக்கிற? கடைக்கு நேரமாகல? மாத்திரை சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் அத்தை…”

அதற்கு மேல் சின்னவளால் நிற்க முடியவில்லை. ஓடிப்போய் அவள் தோளில் விழுந்தாள். மாமியார் முதலில் கட்டைபோல நின்றாள். பிறகு, அவளுடைய கை மெல்ல உயர்ந்து மருமகளின் முதுகைத் தடவியது. நோகிற இடம் எதுவென்று தெரியாத குழந்தையைத் தடவுவது போல, மெதுவாக, மிக மெதுவாக…

“அழாதடி… அழுதா வயிறு வலிக்கும்” என்றாள், தானும் அழுதுகொண்டே.